இரண்டாகத் தெரிந்த குழாய்

"டமார்!"

குளியலறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் வீடே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

அடுத்த கணம் சமையலறையிலிருந்து அம்மாவும், வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பாவும் ஒரே சமயத்தில் ஓடிவந்து, குறுகலான நடைவழியில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அம்மாவின் கையில் ரொட்டி வெட்டும் கத்தி. அப்பாவின் ஒரு காலில் மட்டும் ஷூ.

"பாட்டு நின்னுடுச்சுங்க! பாட்டு நின்னுடுச்சு!"

"நின்னது எனக்கும் கேட்டுது. நீ முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை!"

அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அப்பாவே ஸ்க்ரூடிரைவரால் கழற்றி எறிந்துவிட்டார். தாழ்ப்பாளுக்குப் பதிலாக அந்த வீட்டில் பாட்டு. உள்ளே போனவள் வெளியே வரும்வரை எதையாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு, விளம்பரப் பாட்டு, எல்லாம் தீர்ந்துபோனால் ஏழாம் வாய்ப்பாடு. பாட்டு நின்றால் யாரும் யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளலாம்.

அம்மா தள்ளினாள். அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு வெளியே நின்றார்.

உள்ளே பட்டாணி துண்டைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வாளி கவிழ்ந்து கிடந்தது.

"ஒண்ணும் ஆகல. ஃபிட்ஸ் இல்ல. நான் விழல, வாளிதான் விழுந்துச்சு."

"அப்புறம் ஏன்டி பாட்டை நிறுத்தினே?"

"வாளி காலுல விழறப்போ கூடப் பாடுவாங்களா யாராவது?"

வெளியே இருந்து அப்பாவின் குரல் வந்தது. "வாளி எப்படி விழுந்துச்சாம்?"

"குழாயைத் திறக்கப் போனேன்ப்பா. ரெண்டு குழாய் தெரிஞ்சுது. நான் பிடிச்சது பொய்க் குழாய். நிஜக் குழாய் பக்கத்துல இருந்து என்னைப் பார்த்து சிரிச்சுது."

"குழாய் ரெண்டா தெரிஞ்சா பரவாயில்லடா. உங்க அம்மா ரெண்டா தெரிஞ்சாதான் கஷ்டம். ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல."

"ஏன் சொல்ல மாட்டீங்க? காலையில ஒத்தை ஷூவோட நிக்கற மனுஷனுக்கு நக்கல் வேற!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் வாளியை நிமிர்த்தி வைத்த அம்மாவின் கை அதன் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பட்டாணி பார்த்தாள். அதுவும் இரண்டிரண்டாகத்தான் தெரிந்தது.

பட்டாணி என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது அவ்வளவு பொடிசு. இப்போது வளர்ந்து, ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியும் பெயர் மாறவில்லை. அம்மா பேக்கரியில் மாவு பிசைகிறவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைக்கு முதல் வலிப்பு வந்த நாளிலிருந்து அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் வெளியே போனதில்லை.

வலிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அடங்கவில்லை. மாற்றினார்கள். இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பதுங்கியிருந்துவிட்டுத் திரும்ப வந்தது. பஸ் நிறுத்தத்தில் வந்தது. அக்கம்பக்கத்துக் கல்யாணத்தில் வந்தது. ஒருமுறை அடுப்பின் முன்னால் வந்தது. அதன் அடையாளம் அவள் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

போன குளிர்காலத்தில்தான் நரம்பு டாக்டர் அந்தப் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்.

"புதுசுன்னதும் மந்திரம்னு நினைச்சுக்காதீங்க. சிலருக்கு முழுசா நிக்கும். நிறைய பேருக்குக் குறையும். சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. துளியூண்டு அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். அவசரப்பட்டு ஏத்தினா உடம்பு முழுக்கத் தடிப்பு வரும், காய்ச்சல் வரும், உள்ளுறுப்பு வரைக்கும் பாதிக்கும். தடிப்பு, காய்ச்சல் எது வந்தாலும் அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும்."

பண்ணினார்கள். தினமும் காலையில் டார்ச் அடித்து மகளின் கை காலைத் துப்பறிந்தார்கள். ஒருநாள் கொசு கடித்த தடிப்புக்கு அப்பா டாக்டரையே தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார்.

மருந்து மெல்ல மெல்ல ஏறியது. வலிப்பு நின்றது.

ஒரு வாரம். ஒரு மாதம். அப்புறமும் வரவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அதன் காதில் விழுந்து திரும்பி வந்துவிடுமோ என்று மூவரும் அதைப் பற்றிப் பேசாமலே சந்தோஷமாக இருந்தார்கள்.

அதன் பிறகுதான் தலைசுற்றல். "புது மருந்து உள்ள வந்தா, பழைய மாத்திரையை உடம்பு சீக்கிரம் வெளியேத்தாது. பழசு ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போகும். அதனால பழசைப் பாதியாக் குறைச்சிடுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர்.

குறைத்தார்கள். சரியாகவில்லை. தலைசுற்றலோடு இப்போது எல்லாமே இரண்டிரண்டாகவும் தெரிகிறது.

போன வாரம் ரத்தம் எடுத்தபோது டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "பழசைக் குறைச்சும் போகலைன்னா, குற்றவாளி புதுசுதான். அதை நிறுத்த வேண்டி வரும்."

இன்று சாயங்காலம் முடிவு தெரியும்.

சாப்பாட்டு மேசையில் அப்பா மாத்திரை டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை மகளின் உள்ளங்கையில் கவிழ்த்தார். எப்போதும் அவர்தான் போடுவார்.

"இங்கயும் ரெண்டு ரெண்டாதான் இருக்குப்பா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?"

"எண்ணிக்கிட்டு இருந்தா தலைசுத்தும். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கு."

முழுங்கினாள். அம்மா ஜாம் தடவிய ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஜாம் வேண்டாம்மா. கொஞ்ச நாளா ஒரு மாதிரி கசக்குது."

"ஆரஞ்சுத் தோல் போட்டுக் கிளறினா கசக்கத்தான் செய்யும். மாத்திரை போட்ட வயித்துக்கு ஏதாவது போகணும். ஒரு வாய் மிச்சம் வெச்சேன்னா நானே ஊட்டிவிடுவேன்."

"ஊட்டு. கடைக்கும் வந்து ஊட்டு. என் கஸ்டமரெல்லாம் கைதட்டட்டும்."

ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அம்மா செய்த எதையும் அவள் மிச்சம் வைத்ததில்லை.

கடையில் அன்று கூட்டம். பின்னால் சின்ன அறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பட்டாணியின் மேசையில் வெல்வெட் துணி விரித்த தட்டு. அதன்மேல் எள் அளவு திருகாணிகள். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பக்கத்துத் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்கா. கண்ணாடியின் ஒரு காது தனியாகக் கையில் இருந்தது.

"மேல உக்காந்துட்டேன்மா."

"போன தடவையும் உக்காந்தீங்கக்கா."

"போன தடவை வீட்டு சோபா. இது ஸ்டூடண்ட் ப்ரேக் அடிச்சதுல பறந்து சீட்டுல விழுந்துச்சு, அதைத் தேடிக்கிட்டே அது மேலயே உக்காந்துட்டேன். ரெண்டும் வேற கேஸ்."

பட்டாணி ஆணியைக் கிடுக்கியால் எடுக்கப் போனாள். இரண்டு ஆணிகள். இடது ஆணியைப் பிடித்தாள். துணிதான் வந்தது. ஒரு கண்ணை மூடினாள். உடனே ஒரே ஆணியாகிவிட்டது. கொஞ்ச நாளாக அவள் கண்டுபிடித்து வைத்திருக்கும் தந்திரம் அது. ஒற்றைக் கண்ணோடு ஆணியைப் பொருத்தி, திருகி, காதுப் பகுதியைச் சூடு காட்டி வளைத்தாள்.

"உனக்கு எப்பம்மா நான் லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கறது?" என்றார் அக்கா. "டாக்டர் சொன்ன கெடு முடிய எவ்வளவு இருக்கு?"

"வலிப்பு வராம முக்கால்வாசி தாண்டிட்டேன்க்கா."

"அப்ப ஸ்டியரிங்கைத் துடைச்சு வைக்கறேன். எங்க, போட்டு விடு."

பட்டாணி கண்ணாடியை மாட்டிவிட்டாள். அக்கா அப்படியும் இப்படியும் தலையை ஆட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கீழ்வீடு மேல்வீடா இருக்கு?"

ஒரு பக்கம் தூக்கலாக நின்றது. அவள் எப்போதும் செய்யாத தப்பு. கழற்றித் திரும்பச் சரிசெய்ய மூன்று தடவை சூடு காட்ட வேண்டியிருந்தது.

அக்கா போனதும் முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தார் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"எத்தனை நாளா ஒத்தைக் கண்ணுல வேலை பாக்கறே?"

பட்டாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ணாடிக் கடைக்காரிக்கே ரெண்டா தெரியுதுன்னா வெளிய சொல்லிடாதே. ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் பில்லைப் போட்டுடப் போறே." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "புதுக் கிளைக்கு உன்னைத்தான் நினைச்சிருக்கேன். அங்க மாடியிலயே தங்க ரூம் இருக்கு. ஆனா மேல தனியாத்தான் இருக்கணும். நீ இந்த உடம்போட இப்படியே இருந்தா அனுப்ப எனக்கும் மனசு வராது. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு."

"நல்ல வார்த்தையாவே சொல்றேன்மா."

"சொல்லு, சொல்லு. நான் வேற யாரையும் இன்னும் கேக்கல."

மாடியில் தனி அறை. அதில் ஒரு குளியலறை. அதற்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கும் இல்லையா? ஆணித் தட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்பும்போது பட்டாணி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் மூன்று பேருக்கு இரண்டு நாற்காலிதான் கிடைத்தது. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார்.

"ரெண்டு பேரும் எதுக்கு வேலையை விட்டுட்டு வந்தீங்க? நான் என்ன குழந்தையா?"

"லிஃப்டைத் தாங்க ஒரு கயிறே போதும்டா. அப்புறம் ஏன் அஞ்சாறு கயிறு போட்டுத் தொங்கவிடறோம்?" என்றார் அப்பா.

"ஆரம்பிச்சுட்டாரு. இவருக்கு கல்யாணமும் கயிறு, காய்கறியும் கயிறு" என்றாள் அம்மா.

"இவ மட்டும் என்னவாம்? எதுல அளவு சொன்னாலும் மேல ஒரு கை அள்ளிப் போடுவா. மாவா இருந்தா தேவலை, புத்திமதியும் அப்படித்தான்."

பட்டாணி முதலாளியம்மா சொன்னதைச் சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது.

"தனியாவா? மாடியிலயா? படிக்கட்டு வேறயா?"

"மாடின்னா படிக்கட்டு இருக்கும்மா."

"போகட்டும் விடு" என்றார் அப்பா. "எத்தனை நாளைக்கு நம்ம கண்ணு முன்னாடியே வெச்சிருப்போம்? அவ வேலை நல்லா செய்யறா, கூப்பிடறாங்க. டாக்டர் சரின்னா நானே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் விட்டுட்டு வரேன்."

பட்டாணி அவர் கையைப் பிடித்து ஆட்டினாள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

உள்ளே டாக்டர் விரலை நீட்டி, கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். ஓரத்துக்குப் போனதும் பட்டாணியின் விழிகள் துடித்துத் துடித்துத் திரும்பின. ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் தள்ளாடினாள். அப்பாவின் கை அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னாலேயே வந்தது, தொடாமல்.

டாக்டர் கம்ப்யூட்டரில் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"பழைய மாத்திரை எவ்வளவும்மா சாப்பிடறே?"

"நீங்க சொன்ன மாதிரி பாதி, டாக்டர்."

"மறந்துபோய் ரெண்டு தடவை போட்டுக்கறது உண்டா?"

"அப்பாதான் எடுத்துக் கொடுப்பாரு. ஒரு நாளும் தவறினது இல்ல."

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "பாதி சாப்பிடறவங்க ரத்தம் மாதிரி இல்லையே இது. குறைக்கறதுக்கு முன்னாடி எடுத்தோமே, அதை விட இப்ப அதிகமா இருக்கு. ரொம்பவே அதிகம்."

"அப்படின்னா?"

"நீ ஒழுங்காத்தான் சாப்பிடறேன்னா, புது மருந்து கூட இருக்கற வரைக்கும் உன் உடம்பால பழசை வெளிய தள்ள முடியல. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா இந்த அளவுல ரெண்டையும் ஒண்ணா விட்டு வைக்கறது ஆபத்து."

"பழசை நிறுத்திடலாம் டாக்டர்! அதனால எனக்கு என்ன பிரயோஜனம்?"

"இத்தனை வருஷமா போட்டதைப் படக்குனு நிறுத்தினா வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழும்மா. அதனால புதுசைத்தான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்."

"இறக்கினா வலிப்பு திரும்ப வருமா?"

"வரலாம்."

"வரலாம்னா வரும்னுதானே டாக்டர்?"

டாக்டர் மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பட்டாணி அதைத் தொடவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, அவள் பாட்டுக்குப் பேசினாள்.

"இந்த அஞ்சாறு மாசம் எப்படி இருந்துச்சு தெரியுமா டாக்டர்? பஸ்ல கதவுப் பக்கம் நின்னு வந்தேன். நானே வெந்நீர் வெச்சு டீ போட்டேன். அடுத்தவங்க கல்யாணத்துக்குப் போயி, கடைசி வரைக்கும் இருந்து சாப்பிட்டுட்டு வந்தேன். நாக்கைக் கடிச்சுக்காம, துணியை நனைச்சுக்காம, யார் முகத்தையும் பார்க்க வெக்கப்படாம எழுந்தேன். தலைசுத்தினா சுத்தட்டும். ரெண்டா தெரிஞ்சா தெரியட்டும், நான் ஒரு கண்ணை மூடிக்கறேன். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல. ஒரே ஒரு தடவை பாடாம குளிக்கணும். அதை எடுத்துடாதீங்க டாக்டர்."

அம்மாவின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"நிறுத்தாதீங்க டாக்டர்" என்றாள் அம்மா.

"எனக்கும் மனசு இல்லம்மா. ஆனா..."

"புது மருந்து மேல தப்பு இல்ல. நான்தான்." அம்மாவின் குரல் தேய்ந்தது. "ஜாம்ல."

"என்ன?"

"ஆரஞ்சு ஜாம்ல. பழைய மாத்திரை அட்டை ஒண்ணு அலமாரியில மிச்சம் இருந்துச்சு. தினமும் பாதியைப் பொடிச்சுக் கலந்துட்டு வந்தேன்."

பட்டாணி மெதுவாகத் திரும்பினாள். "கசக்குதுன்னு சொன்னேனேம்மா!"

"சொன்னே."

"ஆரஞ்சுத் தோல்னு சொன்னியே!"

"தோலும் போட்டேன்டி."

டாக்டருக்கே வாயோரம் துடித்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பட்டாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"டாக்டர் பாதியாக் குறைங்கன்னு சொன்ன அன்னிக்கே எனக்குப் பயம் வந்துடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நின்னிருக்கு. எது நிறுத்திச்சுன்னு யாருக்குத் தெரியும்? புதுசா, ரெண்டும் சேர்ந்தா? குறைச்சதுல திரும்ப வந்துடுச்சுன்னா? அன்னிக்கு அடுப்பு முன்னாடி உன்னைத் தூக்கினது நான்தானே. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகலடி."

"அதுக்கு? என் வாயில என்ன போகுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நான் என்ன நீ பிசையற மாவா, மேல ஒரு கை அள்ளிப் போட?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபத்தோடேயே பட்டாணி டிஷ்யூ பெட்டியை அவள் மடியில் வைத்தாள். ஒன்றை உருவிக் கையிலும் திணித்தாள்.

டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. "அம்மா, நான் சொல்றதை நல்லா கேட்டுக்கோங்க. இந்தப் பழைய மாத்திரை அளவு மீறினா, வலிப்பைத் தடுக்கறதுக்குப் பதிலா அதுவே வலிப்பைக் கிளப்பும். ரோட்டைக் கடக்கறப்போ உங்க பொண்ணு தள்ளாடி ஒரு வண்டிக்கு முன்னாடி விழுந்திருந்தா? அது ஒரு பக்கம். வேலை செய்யற புது மருந்தை, தப்பு அது மேலன்னு நினைச்சு இன்னிக்கு நானே நிறுத்தியிருப்பேன். பயம் இருந்தா எனக்கு போன் பண்ணியிருக்கலாம். கொசுக்கடிக்கே எழுப்பினீங்களே, இதுக்கு எழுப்பியிருக்கக் கூடாதா?"

"தப்புதான் டாக்டர்."

திடீரென்று அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உனக்கு அறிவு இருக்கா? படிச்ச டாக்டர் ஒரு அளவு சொன்னா, அதுக்கு மேல போட நீ யாரு? பெத்த பொண்ணுக்கே திருட்டுத்தனமா மருந்து வைப்பியா? வீட்டுல ஒருத்தன் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

குரல் வெளியே காத்திருப்பு அறை வரை கேட்டிருக்கும். இந்தக் கோபம் அவர் கோபமே இல்லை. கயிறு அறுந்த லிஃப்டைப் பற்றிப் பேசும்போதுகூட ஜோக் அடிக்கிற மனிதர்.

"அப்பா, விடுப்பா. அவ ஏற்கனவே அழறா."

"அழட்டும்! சரி டாக்டர், தெரிஞ்சுடுச்சு. இனிமே ஜாம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இன்னியோட நிறுத்தியாச்சு. புதுசையும் நிறுத்த வேண்டாம். அவ்வளவுதானே, நாங்க கிளம்பறோம். வாடா."

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றார் டாக்டர்.

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"உக்காருங்க சார்."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறி அவர் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பேனாவை எடுத்து எதிரே இருந்த தாளில் ஒரு அரைவட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொன்று.

"இது நான் சொன்ன பாதி. இது அம்மா கலந்த பாதி. சேர்ந்தா ஒரு முழு மாத்திரை. முன்னாடி சாப்பிட்டதும் அதேதான். அப்படின்னா ரத்தத்துலயும் முன்னாடி இருந்த அளவுக்குப் பக்கத்துலதான் நிக்கணும். இது எங்கயோ மேல இருக்கு." அம்மாவின் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்கம்மா, திட்ட மாட்டேன். எவ்வளவு கலந்தீங்க?"

"பாதிதான் டாக்டர். சத்தியமா! மாவுல வேணா என் கை நீளும். இதுல கத்தியை வெச்சு நடுவுல அறுத்தேன். ஒரு பொடி கூடக் கிடையாது."

"அப்போ மிச்சம் எங்கிருந்து வந்துது?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டாக்டரைப் பார்த்தாள். பிறகு இருவரும், யார் முதலில் என்று தெரியாமல், ஒரே இடத்தில் பார்த்தார்கள்.

அப்பா நாற்காலியை மெல்ல இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேசுவதற்கு முன்னால் அம்மாவின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அவளைத் திட்டாதே பட்டாணி... அவ போட்டது பாதிதான். குறைக்கச் சொன்ன நாள்லேர்ந்து தினமும் காலையில உன் கையில நானும் ஒரு பாதி கூடப் போட்டுட்டு வரேன்."